உபய பாதாங்குஷ்டாசனம்: முட்டியை மடக்குவதா, பெல்ட்டா, சுவரா, உருண்டு எழுவதா?

பெயர்தான் வாயில் நுழையாது, பார்க்க எளிதான ஆசனம். உட்கார்ந்து, இரண்டு கால் பெருவிரல்களையும் கைவிரலால் கொக்கி போட்டுப் பிடித்து, கால்கள் இரண்டையும் நீட்டி மேலே தூக்கி, பின்புறத்தின் மேல் மட்டும் நிற்க வேண்டும். அவ்வளவுதான். முதல் நாள் செய்து பார்த்தவர்களைக் கேளுங்கள், கால் நீள்வதற்குள் ஆள் மல்லாந்திருப்பார்.

எப்படிப் பழகுவது என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மாஸ்டர் பெல்ட் போடச் சொல்கிறார், இன்னொருவர் பெல்ட் போட்டால் கடைசிவரை பெல்ட்தான் என்கிறார், வீடியோவில் ஒரு பெண் பின்னால் உருண்டு அதே வேகத்தில் எழுந்து கல் மாதிரி நிற்கிறாள். நான் மாஸ்டர் இல்லை. பதினோரு வருடமாக வீட்டுக் கூடத்தில் செய்கிறவன். நாலு வழியிலும் போயிருக்கிறேன், ஒன்றில் நன்றாக அடியும் பட்டிருக்கிறேன். அந்தக் கணக்கில் எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

விழுவதற்குக் காரணம் வயிற்றில் பலமில்லை, பேலன்ஸ் இல்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இல்லை. பஸ் ஸ்டாண்ட் சிமெண்ட் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அடியில் இரண்டு முண்டுகள் வலிக்குமே, அவைதான் உட்காரும் எலும்புகள். தொடையின் பின்னால் ஓடும் ஹாம்ஸ்ட்ரிங் தசை அங்கே தொடங்கி, முட்டியைத் தாண்டிக் கீழே போய்ப் பிடித்திருக்கிறது. காலைத் தூக்கி முட்டியையும் நீட்டினால் அது கயிறு மாதிரி இழுபடும். கயிறு நீளம் போதவில்லை என்றால் விட்டுக்கொடுப்பது இடுப்பெலும்பு. அது பின்னால் சாயும், கீழ்முதுகு கூன் விழும், எடை உட்காரும் எலும்பை விட்டு வால் எலும்புப் பக்கம் நகரும், அப்புறம் போவதற்கு ஒரே திசைதான்.

அதனால் என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: இந்த வழியில் இடுப்பு நிமிர்ந்து நிற்கிறதா, இல்லை முட்டியை நீட்டுவதற்காக முதுகைக் காவு கொடுக்கிறோமா? மற்றவை அதற்குப் பிறகுதான். விழுந்தால் எதில் விழுவோம், மூச்சு ஓடுகிறதா (மூச்சை அடக்கித்தான் நிற்க முடிகிறது என்றால் ரத்த அழுத்தமும் கூடவே ஏறும், அது நிற்பதே இல்லை), ஆளில்லாத வீட்டில் தனியாகச் செய்யலாமா, பழகிய ஊன்றுகோலைப் பின்னால் விட முடியுமா.

எதையும் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இரண்டு சோதனை செய்து பாருங்கள், ஐந்து நிமிடம் ஆகாது.

தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கையை மடியில் வையுங்கள். ஒரு நிமிடம் கீழ்முதுகு சரியாமல் இருக்க முடிகிறதா, கை தானாகப் பின்னால் ஊன்றப் போகிறதா? அடுத்தது, மல்லாந்து படுத்து ஒரு காலை நீட்டியபடியே தூக்குங்கள், மற்ற கால் தரையிலேயே இருக்கட்டும். கூரைக்கு நேராக, 90 டிகிரிக்காவது வருகிறதா? படுத்திருக்கும்போதே வராத கால், உட்கார்ந்து பேலன்ஸும் செய்யும்போது மட்டும் எங்கிருந்து வரும்?

## முட்டியை மடக்கிப் பழகுவது

கேட்டவுடன் பலருக்கும் பிடிக்காத வழி இது. படத்தில் இருப்பது மாதிரி இல்லை, அதனால்.

முதல் சில நாள் பெருவிரலைத் தொடவே வேண்டாம். தொடையின் பின்புறத்தைக் கையால் பிடித்து, முட்டியை மடக்கி, கெண்டைக்கால் தரைக்கு இணையாக இருக்கும்படி தூக்கி, நெஞ்சை நிமிர்த்தி ஐந்து மூச்சு நில்லுங்கள். அது நடுங்காமல் வந்த பிறகு, முட்டி நன்றாக மடங்கியிருக்கும்போதே பெருவிரலைப் பிடிப்பது. அதற்கும் பிறகுதான் நீட்டுவது, அதுவும் ஒரு தடவைக்கு ஒரு தீப்பெட்டி உயரம். கீழ்முதுகு கூன் விழத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும், அன்றைக்கு உங்கள் ஆசனம் அதுதான். கூன் விழுவது உள்ளே இருந்து தெரியாது. பக்கவாட்டில் ஃபோனைச் செம்பில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள், நான் நேராக இருக்கிறேன் என்று சத்தியம் பண்ணியிருப்பேன், வீடியோவில் இறால் மாதிரி இருந்தேன்.

நாலு வழிகளில் இடுப்பு நிமிர்ந்து நிற்கும் என்று ஓரளவு உத்தரவாதம் உள்ளது இது ஒன்றுதான், மடங்கிய முட்டியில் கயிறு தளர்ந்துவிடுகிறது இல்லையா. காலும் உடலுக்குக் கிட்டத்தில் இருப்பதால் விழுந்தால்கூடப் பந்து மாதிரி உருளுவீர்கள்.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, நாள் பிடிக்கும், மாதக்கணக்கில். இன்னொன்று, இடுப்பு மடியும் இடத்தில், தொடையின் முன்பக்கம் சில பேருக்குப் பிடித்துக்கொள்ளும். அது வந்தால் காலை இறக்கிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள், பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. அப்புறம், மடக்கிய முட்டியிலேயே சுகமாக உட்கார்ந்துவிட்டு இரண்டு வருடம் அங்கேயே இருப்பவர்களும் உண்டு. இருக்கட்டுமே, என்ன குடி முழுகிவிடும்?

நாள் முழுக்க நாற்காலியில் வேலை பார்ப்பவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், முதல் சோதனையிலேயே கை பின்னால் போனவர்கள் எல்லோரும் இங்கேதான் தொடங்க வேண்டும்.

## பெல்ட், அல்லது நாலு முழ வேட்டி

கடையில் யோகா பெல்ட் ஆறடியிலும் எட்டடியிலும் கிடைக்கிறது. முழத்துக்குப் பதினெட்டு அங்குலம் என்று கணக்குப் போட்டால் நாலு முழ வேட்டியும் சரியாக ஆறடி. நீளவாக்கில் மடித்து மடித்து மூன்று விரல் அகலத்துக்குக் கொண்டுவந்தால் பெல்ட்டைவிட மெத்தென்று இருக்கும், காலையும் அறுக்காது. பருத்தியாக இருக்க வேண்டும். நைலான் துப்பட்டா வழுக்கும், கொஞ்சம் நீளவும் செய்யும், வேண்டாம்.

பாதங்களில் மாட்டிப் பிடிக்கும் பெல்ட் கையை நீளமாக்குகிறது, முட்டியை நீட்ட முடிகிறது, அந்த வரைக்கும் லாபம். ஆனால் கை நீளமானதும் உடம்பு பின்னால் சாய்ந்துகொள்ள இடம் கிடைத்துவிடுகிறது, காலுக்கும் நெஞ்சுக்கும் இடையிலான கோணம் விரிகிறது, அதனால் வயிறும் கீழ்முதுகும் தாங்க வேண்டிய சுமை கூடுகிறது. கால் நீண்டதைப் பார்த்து எளிதாகிவிட்டது என்று நினைப்போம், முதுகு வேறு கணக்கு எழுதிக்கொண்டிருக்கும். பெல்ட்டை எவ்வளவு குட்டையாகப் பிடித்தும் முதுகு நிமிர்ந்திருக்கிறதோ அவ்வளவு குட்டையாகப் பிடியுங்கள், கொஞ்சம் முட்டி மடங்கினாலும் சரி.

பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இதை மட்டும் தனியாகச் சொல்கிறேன். பிடி நழுவக்கூடாது என்று மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன், பின்னால் சாயும்போது விட்டுவிடவே முடியாது, காலும் கையும் கட்டிய கோழி மாதிரி விழ வேண்டியதுதான். சும்மா உள்ளங்கையில் பிடித்தால் போதும், விரலைத் திறந்தால் விட்டுப் போக வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். பெல்ட்டைப் பாதத்தின் முன்பகுதியில் போட்டால் பாதம் உங்களை நோக்கி மடங்கும். அப்போது முட்டிக்குப் பின்னால் சுரீரென்று இழுத்தாலோ, காலில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தாலோ, அப்படியே இருந்துகொண்டு தாடையை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். இழுப்பு சட்டென்று குறைந்தால் இழுபடுவது தசை இல்லை, நரம்பு. கழுத்தை அசைத்ததற்குத் தொடைத் தசை ஏன் தளரப்போகிறது? நரம்பை நீட்டி நீளமாக்க முடியாது, முறைத்துக்கொள்ளும். பெல்ட்டைப் பாதத்தின் நடுப்பள்ளத்துக்கு நகர்த்தி, முட்டியை மடக்கிவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இந்த எச்சரிக்கை மணியே கேட்காது, அவர்களுக்குப் பெல்ட் வேண்டாம்.

முதுகு நன்றாக நிமிர்கிறது, கைதான் எட்டவில்லை என்பவர்களுக்கு, அதாவது தொப்பை இருப்பவர்களுக்கும் கால் நீளமானவர்களுக்கும், இதுதான் நல்ல வழி.

## சுவர்

இரண்டு விதம். சுவருக்கு முதுகு காட்டி உட்காருவது, சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாதத்தை அதில் ஏற்றுவது.

முதுகுப் பக்கம் சுவர் என்றால் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒட்டி உட்கார்ந்தால் சாய்ந்துகொண்டு கால் தூக்கப் பழகுவீர்கள், அது வேறு பயிற்சி. ஒரு கை தூரம் விட்டால் இன்னும் மோசம், விழும்போது பின்மண்டைதான் சுவரைச் சந்திக்கும். சுவிட்ச் போர்டு, ஆணி, காலண்டர் எதுவும் தலைக்குப் பின்னால் இருக்கக்கூடாது.

பாதத்தைச் சுவரில் ஏற்றினால் கால் வழுக்கி இறங்கும் பயம் போகும், கையை விட்டும் பார்க்கலாம். ஆனால் பின்னால் விழுவதை இது தடுக்காது, ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். (வாடகை வீடு என்றால் சுண்ணாம்புச் சுவரில் பத்து விரல் தடமும் பதியும். ஓனர் வரும்போது நான் அங்கே ஸ்டூலை இழுத்துப் போட்டிருக்கிறேன்.)

பயத்தில் தோள் காது வரை ஏறி, மூச்சே விடாமல் நிற்பவர்களுக்குச் சுவரைப் போல மருந்தில்லை. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் போதும்.

## உருண்டு எழுவது

மைசூரில் யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்த இருவர் இந்த விஷயத்தில் இரண்டு திசையில் போனார்கள். புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார் பெல்ட், கட்டை, கயிறு, நாற்காலி என்று கருவிகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மைசூரிலேயே இருந்த பட்டாபி ஜோயிஸின் அஷ்டாங்க முறையில், முதல் வரிசையிலேயே இந்த ஆசனம் வருகிறது, அதுவும் உருண்டு எழுவதாக: மல்லாந்து படுத்து, கால்களைத் தலைக்கு மேல் ஹலாசனம் மாதிரி கொண்டுபோய், பெருவிரலைப் பிடித்து, மூச்சை இழுத்துக்கொண்டே ஒரே உருட்டில் எழுந்து நிற்பது. பிற்பாடு சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சாரியாரும், 1976ல் அவர் பெயரில் யோக மந்திரம் தொடங்கிய மகன் தேசிகாச்சாரும், ஆளுக்குத் தகுந்த ஆசனம் என்ற பக்கம் போனார்கள், முட்டியை மடக்க அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. எது உண்மையான முறை என்று சண்டை போடுகிறவர்கள் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உருள்வதுதான் பார்க்க அழகு. எனக்கும் ஆசை வந்தது. ஒரு வகுப்பில் எல்லோரும் எழுந்தார்கள், நான் எழவில்லை, அந்த ரோஷத்தில் வீட்டில் டைல்ஸ் தரையில் 4 மில்லிமீட்டர் மேட்டை விரித்து இரண்டு வாரம் உருண்டேன். முதல் வாரம் முதுகெலும்பின் ஒவ்வொரு முண்டும் தரையில் தட்டிக் கன்றிப்போனது. இரண்டாவது வாரம் கால்களைத் தலைக்கு மேல் வீசியபோது பின்னால் இருந்த தையல் மிஷின் காலில் குதிகால் இடித்தது, அதையும் தள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்தேன். பதின்மூன்றாம் நாளோ என்னவோ, ஒரு நல்ல உருட்டில் எழுந்தே விட்டேன். எழுந்து நிற்கும் அந்த நொடியில் இடது பக்கம் உட்காரும் எலும்பில் ஊசி குத்தியது மாதிரி ஒரு புள்ளி.

அது போக ஏழு மாதம் ஆனது. நடந்தால் வலிக்காது, பைக்கில் உட்கார்ந்தால் வலிக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா, இறுக்கமாக இருக்கிறது போல என்று தினமும் இன்னும் நீட்டினேன். பிசியோதெரபிஸ்ட் முதல் வேலையாக அதைத்தான் நிறுத்தச் சொன்னார். தசை எலும்பில் ஒட்டும் இடம் புண்ணாகியிருக்கிறது, இழுக்க இழுக்க ஆறாது, பலப்படுத்தத்தான் வேண்டும் என்று மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனத்தை மெதுவாக, எண்ணிக் கொடுத்தார்.

ஏன் அப்படி ஆனது என்பது இப்போது புரிகிறது. உருளும் வேகத்தை மேலே வந்ததும் நிறுத்த வேண்டும். பிரேக் பிடிப்பது, ஏற்கெனவே முழு நீளத்துக்கு இழுபட்டிருக்கும் அந்தக் கயிறு. கயிறு முடிச்சுப் போட்டிருக்கும் இடத்தில்தான் அந்த வெட்டு விழும். இதோடு ஹலாசன நிலையில் கழுத்தின் மேல் ஏறும் எடை, கண் அழுத்தம், உருள்வதற்காக வேண்டுமென்றே வளைக்கும் முதுகு.

அப்படியென்றால் யாருக்குமே வேண்டாமா? முட்டியை நீட்டி, முதுகு நிமிர்ந்து, பத்து மூச்சு அசையாமல் ஏற்கெனவே நிற்க வருகிறவர்களுக்கு உருள்வது நல்ல விளையாட்டு. கழுத்துத் தொந்தரவு இல்லாமல் ஹலாசனமும் வர வேண்டும். அவர்களும் முட்டியைக் கொஞ்சம் மடக்கியே எழுந்து, நின்ற பிறகு நீட்டுவது நல்லது. பேலன்ஸ் கற்றுக்கொள்வதற்காக உருளாதீர்கள், வேகத்தில் எழுந்தவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது.

## ஒரே பார்வையில்

| | இடுப்பு நிமிருமா | விழுந்தால் | தெரியாமல் ஆகும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| முட்டி மடக்கி | நிமிரும் | பந்து போல உருளும் | மாதக்கணக்கில் பொறுமை | இறுகிய தொடை, புதியவர் |
| பெல்ட் | குட்டையாகப் பிடித்தால் | கையை விட்டால் தப்பலாம் | கீழ்முதுகில் கூடுதல் சுமை | கை எட்டாதவர் |
| சுவர் | உட்காரும் தூரத்தைப் பொறுத்து | சுவர் தாங்கும், சரியான இடைவெளி இருந்தால் | சாய்ந்தே பழகிவிடுவது | பயப்படுபவர் |
| உருண்டு | எழும்போது நிமிராது | கழுத்து, முதுகு, பின்னால் இருக்கும் சாமான் | தொடைத் தசை ஒட்டும் இடம் | ஏற்கெனவே நிற்க வருகிறவர் |

இதற்குப் பதில், உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கும் நாவாசனம் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அது இதன் எளிய வடிவம் இல்லை. அதில் காலைக் கை பிடிப்பதில்லை, காலின் முழு எடையும் இடுப்பின் முன்பக்கத் தசையில் தொங்குகிறது, அந்தத் தசை கீழ்முதுகு எலும்புகளில்தான் பிடித்திருக்கிறது. முதுகுவலிக்காரருக்கு, முட்டியை மடக்கிப் பெருவிரலைப் பிடிப்பதைவிட நீட்டிய கால் நாவாசனம்தான் கடினம்.

## எந்த வழியானாலும்

முதலில் விழப் பழகுங்கள். சாயப்போகிறது என்று தெரிந்ததும் பெருவிரலை விட்டு, தாடையை நெஞ்சில் ஒட்டி, முட்டியை மடக்கி, முதுகை உருட்டி இறங்குவது. கையைப் பின்னால் ஊன்றக்கூடாது, மணிக்கட்டு போய்விடும். ஐந்தாறு தடவை வேண்டுமென்றே விழுந்து பார்த்தால் கை அடங்கிவிடும். முதுகுப் பக்கம் சுவர் வைத்துப் பழகும்போது தவிர, பின்னால் ஓர் ஆள் நீளத்துக்கு எதுவும் இருக்கக்கூடாது. மெத்தை மேல் செய்தால் அடிபடாது என்று தோன்றும், ஆனால் மெத்தையில் உட்காரும் எலும்புக்குப் பிடிமானமே கிடைக்காது.

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கு இதை விட்டுவிடுங்கள், பெருவிரல் மீன் மாதிரி நழுவும். வியர்க்கும் மாதங்களில் பக்கத்தில் ஒரு துண்டு. எழுந்த உடனேயும் வேண்டாம், ராத்திரி முழுக்க முதுகெலும்பின் டிஸ்க்குகள் நீர் ஏறி உப்பியிருக்கும், ஒரு மணி நேரம் நடமாடிய பிறகு செய்யுங்கள். சாப்பிட்டிருந்தால் மூன்று நான்கு மணி நேரம் கழித்து.

எலும்புத் தேய்மானம், டிஸ்க் பிரச்சினை, குடலிறக்கம், அண்மையில் நடந்த வயிற்று ஆபரேஷன் (சிசேரியனும் இதில் சேர்த்தி), கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இந்த நாலில் எதையும் தொட வேண்டாம். கண் அழுத்த நோய் இருந்தால் உருள்வது கிடையவே கிடையாது.

நான் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், மடக்கிய முட்டியில் மூன்று தடவை, கடைசித் தடவை மட்டும் நீட்டுகிறேன். வலது கால் நேராகிவிட்டது. இடது முட்டி இன்னும் இரண்டு விரல் அளவு மடங்கித்தான் நிற்கிறது, வேட்டி அலமாரியில் மடித்தபடியே இருக்கிறது, தையல் மிஷினும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.